வண்டியில் ஏறிய சோபா

இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொல் என்றாலும் சொல்வேன். கையைக் கழுவிவிட்டே சொல்வேன்.

என் மனைவி கிருபையின் கூடப்பிறந்த தம்பி ஞானையா. தூத்துக்குடி துறைமுகத்தில் லாரிகளுக்குச் சரக்கு ஏற்றும் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். அவன் ஒரு பார்வை பார்த்தால் லாரியே ‘போதும்’ என்று முனகும் என்பார்கள். முனகியதை நான் கேட்டிருக்கிறேன்.

அவன் மகள் ஜெமி சென்னையில் டீச்சர். அவளுக்குச் சாத்தான்குளத்தில் ஓர் இடம் அமைந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் முத்தையாபுரத்தில் ஞானையா வீட்டுக்கு வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு. வீட்டில் உட்காருவதற்கு இருந்தவை பிளாஸ்டிக் நாற்காலிகள். அதில் ஒன்று, ஆள் உட்கார்ந்ததும் கால்களை அகட்டி மெல்லத் தரையில் படுத்துவிடும். முன்பு ஜெமியைப் பார்க்க வந்த ஒரு வீட்டார், அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரைத் தூக்கிக்கொண்டு போனவர்கள்தான், திரும்பி வரவில்லை.

“ஒரு சோபா இல்லாம அவிய முகத்துல எப்படி முழிக்க? இந்த இடமும் தட்டிப்போச்சுன்னா எங்கிட்டப் பேசாதிய” என்று அவன் மனைவி ஈவாஞ்சலின் சொல்லிவிட்டாள்.

ஞானையா என்னிடம் யோசனை கேட்டான். “கடையில வாங்குனா ‘எந்தக் கடை’ம்பாவ. போன்ல வாங்குனா ‘எந்தப் போன்’ம்பாவ. எது அத்தான் கவுரவம்?”

“போன்தான்” என்றேன்.

அந்தக் கம்பெனியின் பெயர் வேண்டாம். தாய்மொழியில் வாங்கினால் ஏமாற்ற மாட்டார்கள் என்று ஞானையா அதன் பக்கத்தைத் தமிழுக்கு மாற்றினான். அந்தத் தமிழை எழுதியவர், தமிழ்நாட்டை ஒருமுறை விமானத்திலிருந்து பார்த்தவராக இருக்க வேண்டும். எடுத்த எடுப்பில் ‘உள்ளே கையெழுத்திடவும்’ என்றது. ஞானையா பால்பாயிண்ட் பேனாவால் கண்ணாடியின் மேல் கையெழுத்துப் போட்டான், தேதியோடு. அது ஏற்றுக்கொண்டது.

பச்சை சோபா ஒன்றைத் தட்டினான். ‘உங்கள் வண்டியில் சேர்க்கப்பட்டது’ என்றது போன்.

போனைக் கீழே வைத்துக் கையைத் தட்டிக்கொண்டான் ஞானையா. துறைமுகத்தில் சரக்கு வண்டியில் ஏறிவிட்டால் வேலை முடிந்தது; அப்புறம் டிரைவர் பாடு. அப்போதே சம்பந்தியம்மாவைக் கூப்பிட்டு, “தங்கச்சி, உங்களுக்குன்னே சோபா வண்டியில ஏறியாச்சு” என்று அறிவித்தும் விட்டான்.

பக்கத்தின் அடியில் ‘வெளியே சரிபார்க்கவும்’ என்று ஒரு மஞ்சள் பொத்தான் இருந்தது. ஞானையா கீழ்ப்படிந்தான். எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவை இரண்டு பக்கமும் சரிபார்த்தான். வண்டியைக் காணோம்.

அந்தப் பொத்தானைத் தட்டினால்தான் பணம் கட்டும் பக்கம் வரும், அதற்கப்புறம்தான் சோபா கிளம்பும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பெண் எடுத்த வீட்டில் போய்ப் புத்தி சொல்வது மருமகனுக்கு அழகில்லை.

மறுநாள், ‘உங்கள் வண்டியில் ஒரு பொருள் உள்ளது’ என்று செய்தி வந்தது.

“பாத்தியளா அத்தான்! ஒத்தச் சோபாவுக்கு எவன் வண்டி எடுப்பான்? லோடு ரொம்பட்டும்னு நிக்கான்.”

லோடு நிரப்ப ஆரம்பித்தான். மீன் தொட்டி, கிளிக்கூண்டு, பனிமலையில் போடுகிற கையுறை. ‘இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்’ என்று கம்பெனியும் எடுத்துக் கொடுத்தது. இடப்பக்கம் பாரம் கூடிவிட்டது என்று வலப்பக்கத்துக்கு ஒரு டிரெட்மில் ஏற்றினான். ஒவ்வொன்றையும் ஏற்றிவிட்டு வாசலுக்குப் போய்ச் சரிபார்த்தான்.

சனிக்கிழமை, ‘உங்கள் வண்டி உங்களுக்காகக் காத்திருக்கிறது’ என்று வந்தது. என்னை ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு ஹார்பர் ரோட்டில் லாரிகள் நிற்கும் இடத்துக்கு விரைந்தான். அங்கே ஓர் உப்பு லாரியின் நிழலில் டிரைவர் பேச்சிமுத்து படுத்திருந்தான்.

“ஏலே தம்பி, ஞானையா பேருல பச்சை சோபா ஏத்துன வண்டி எங்கன நிக்கு?”

“நம்பர் என்ன அண்ணாச்சி?”

“நம்பர் போடல. காத்திருக்கேன்னு மட்டும் சொல்லுதான்.”

“நமக்காகக் காத்திருக்க வண்டியா? நாமல்லா வண்டிக்குக் காத்துக் கெடக்கோம்.”

அதற்குள் போன் மறுபடி கூவியது: ‘விரையுங்கள்! உங்கள் வண்டியில் உள்ள பொருட்கள் வேகமாக விற்பனையாகின்றன!’

“ஐயையோ!” என்று ஞானையா தலையில் கை வைத்தான். “களவாணிப்பய வழியில நிப்பாட்டி வித்துக்கிட்டிருக்கானே!”

பேச்சிமுத்துவுக்கு ரோஷம் வந்தது. “எங்காளுவ டீசல்தான் விப்பானுவ அண்ணாச்சி. சோபா விக்க மாட்டானுவ.”

ஞானையா கம்பெனிக்குப் போன் போட்டான். வெகுநேரம் பாட்டுப் பாடிவிட்டு ஒரு பெண் வந்தாள்.

“நீங்க சேர்த்ததெல்லாம் உங்க வண்டியிலதான் சார் இருக்கு.”

“வண்டி எங்கம்மா நிக்கு?”

“உங்க போன்லதான் சார்.”

“போனுக்குள்ள லாரி நிக்கா?”

“‘வெளியே சரிபார்க்கவும்’ கொடுத்தீங்களா சார்?”

“குடுக்கதென்ன! வாரம் பூரா வாசல்லதான் நிக்கேன். தெருநாய் எனக்கு வாலாட்டுது.”

“அருமை சார். வேறு ஏதாவது உதவி வேணுமா சார்?”

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாப்பிள்ளை வீட்டார் சாத்தான்குளத்தை விட்டுக் கிளம்பிவிட்டதாகத் தகவல். ஜெமி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு அந்த நாற்காலியை அறைக்குள் ஒளித்து வைத்தாள். ஈவாஞ்சலின் புருஷனோடு பேசவில்லை. அவன் முகம் செத்துப்போய், பழக்க தோஷத்தில் மறுபடியும் வெளியே சரிபார்க்கப் போனான்.

வாசலில் ஒரு லாரி நின்றது.

பேச்சிமுத்து குதித்து இறங்கினான். “டிரைவர்மாரு பேரு கெடக்கூடாதுல்லா அண்ணாச்சி. சோபாவுக்கு நான் எங்கன போவ? வண்டி இருக்கு.”

ஞானையா எட்டிப் பார்த்தான். லாரியின் மூலையில் இறக்கியது போக மிச்சம் உப்பு குவிந்து கிடந்தது. ஏறி மண்வெட்டியை வாங்கினான். வாழ்நாளெல்லாம் சரக்கு அடுக்கிய கை. நான் ஜமுக்காளம் எடுத்துக்கொண்டு வருவதற்குள் அங்கே மூன்று பேர் உட்காரும் சோபா நின்றது. சாய்மானம், கைப்பிடி, குஷனில் பட்டன் வைத்த குழி உட்பட. மேலே விரித்தோம்.

சம்பந்தியம்மா காரை விட்டு இறங்கியதும் கேட்டது அதைத்தான். “சோபா எங்க அண்ணன்?”

“சொன்னேன்லா தங்கச்சி, வண்டியிலன்னு.”

ஏணி வைத்து ஏற்றினோம். அந்த அம்மாள் உட்கார்ந்து, “என்ன குளிர்ச்சி! ஏசி வச்ச சோபாவா?” என்றார். காபி மேலே போனது. ஜெமி மேலே போனாள். பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது வெயில் ஏறியது. சம்பந்தியம்மா எழுந்தார். ஜமுக்காளத்தின் வழியே கசிந்த ஈரம் காய்ந்து பட்டுச்சேலையின் பின்பக்கம் வெள்ளையாக அப்பியிருந்தது. அதில் ஒரு பொட்டு எடுத்து நாக்கில் வைத்தார்.

“அண்ணன், இது உப்புல்லா?”

ஞானையா என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். ஈவாஞ்சலின் கண்ணை மூடி ஜெபம் பண்ண ஆரம்பித்தாள்.

சம்பந்தியம்மா சேலையை ஒரு தரம் உதறினார். உதிரவில்லை. ஜெமியைப் பார்த்தார், அவள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“சரி மைனி,” என்றார் ஈவாஞ்சலினிடம். “உங்க வீட்டு உப்பு ஒட்டியாச்சு. இனிமே உதறவா முடியும்? தேதியக் குறிங்க.”

எல்லாரும் இறங்கினார்கள். கடைசி ஆள் தரையில் கால் வைத்ததும் ஞானையாவின் போன் கூவியது. ‘உங்கள் வண்டி காலியாக உள்ளது.’

“ஆளு இறங்குனது வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்கான் பாருங்க அத்தான்” என்று ஞானையா கண் கலங்கிவிட்டான். அந்தக் கம்பெனிக்கு அங்கேயே ஐந்து நட்சத்திரம் கொடுத்தான்.

என் மனைவி கிருபை அவள் வீட்டுக்கு ஒரே பிள்ளை.