அஞ்சுக்கு அஞ்சு

இருபது கேள்வி, அறுபது பெண்கள், ஆயிரத்து இருநூறு ஐந்துகள். ஒரு நாலு கிடையாது. மருந்துக்குக்கூட ஒரு மூன்று கிடையாது.

திங்கட்கிழமை காலையில் இசக்கிச்செல்வியின் எம்.பி.ஏ. ப்ராஜெக்ட் இந்த நிலையில்தான் கைடு மேடத்தின் மேஜைமேல் கிடந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். ஐந்துகள் அப்படியேதான் இருந்தன.

"ஏம்மா, நீ போனது கம்பெனியா, கைலாசமா?"

"கம்பெனிதான் மேடம். ஹார்பர் ரோட்டுல இருக்கு."

"அறுபது பேருக்கும் எல்லாத்துலயும் முழுத் திருப்தியா? எங்க வீட்டுல நாலே பேரு, ஒரு சாம்பாருக்கு நாலு அபிப்பிராயம். உண்மையச் சொல்லு, நீயே உக்காந்து டிக் அடிச்சிட்டியா?"

இசக்கிச்செல்விக்குக் காது மடல் வரை சுட்டது. தட்டார்மடத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் வீரபாகுவின் மகள் அவள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். திமிர் பிடித்தவள், வாய் நீளம், யாருக்கும் அடங்காதவள் என்று ஊர் என்ன சொன்னாலும் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவாள். ஏமாற்றுக்காரி என்றால் மட்டும் ஆகாது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணி, கம்பெனி சர்டிபிகேட்டுல கையெழுத்தும் வாங்கிட்டு வா" என்றார் மேடம். "கையெழுத்து இல்லன்னா வைவா இல்ல. வைவா இல்லன்னா அடுத்த வருஷம்தான்."

துறைமுகத்துக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இருபது நிமிஷமும் அவள் ஒரே ஆளைத் திட்டிக்கொண்டு போனாள். அலைவாய் லாஜிஸ்டிக்ஸின் எச்.ஆர். மேனேஜர் சிவபாலன். அவன்தான் அந்தப் பெண்களை மிரட்டி ஐந்து போட வைத்திருக்கவேண்டும். வேறு யார்?

அலைவாய் என்பது ஒரு பெரிய கிடங்கு. வெளியூரிலிருந்து வரும் பெட்டிகளை இறக்கி, பிரித்து, லேபிள் ஒட்டி, கன்டெய்னரில் அடுக்கிக் கப்பலுக்கு அனுப்புவது அதன் தொழில். லேபிள் ஒட்டுவதும், காலிக் கன்டெய்னருக்குள் ஏறிக் கூட்டிப் பெருக்குவதும் மாப்பிள்ளையூரணிப் பக்கத்துப் பெண்கள். காண்ட்ராக்டர் மூலம் வருவதால் எச்.ஆர். கோப்பில் அவர்கள் பெயர் கிடையாது. ஆனால் சி.எஸ்.ஆர். கோப்பில் உண்டு. அங்கே அவர்கள் 'சுற்றுவட்டார ஏழைப் பெண்கள்'. அவர்களுக்காகக் கம்பெனி தன் சமூகப் பொறுப்பை நிறைவேற்றி ஒரு ஓய்வறை கட்டியிருந்தது. ரோஸ் நிற டைல்ஸ், ஆளுயரக் கண்ணாடி, வாசலில் கல்வெட்டு, அதற்குக் கீழே கைமுஷ்டி அளவு பூட்டு. சாவி சிவபாலனின் மேஜை டிராயரில் இருந்தது. யாராவது பார்வையிட வந்தால் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் பெண்கள் காம்பவுண்டு ஓட்டை வழியாக உடங்காட்டு முட்புதருக்குள் போய் வந்தார்கள். போகவேண்டி வருமே என்று மத்தியானம் வரை தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்துத்தான் அவள் பதினாலாம் கேள்வியை எழுதியிருந்தாள். 'ஓய்வறை வசதி பயன்படுத்தும் நிலையில் உள்ளது.' அதற்கும் அறுபது ஐந்து!

சாப்பாட்டு நேரம். கன்டெய்னர் நிழலில் தூக்குச்சட்டிகள் திறந்திருந்தன. இசக்கிச்செல்வி நேரே போய் நடுவில் நின்றாள்.

"யாரு மிரட்டுனா? பேரச் சொல்லுங்க."

"என்னளா, வந்ததும் வராததுமா பேயாடுத?" என்றாள் சீனித்தாய். கூட்டத்தில் மூத்தவள், மற்றவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவள். "உக்காரு. ஒரு வாய் தின்னு."

"எல்லாத்துலயும் அஞ்சு போட்டிருக்கீகளே சித்தி, யாரு போடச் சொன்னா?"

"யாரும் சொல்லலயே, நாங்களாத்தான் போட்டோம். வேகாத வெயில்ல தாளத் தூக்கிக்கிட்டு வாரியே. பாஸாவட்டும்னு அஞ்சுக்கு அஞ்சு போட்டோம்."

இசக்கிச்செல்விக்கு ஒன்றும் ஓடவில்லை. "நான் பாஸாவவா?"

"பெறவு? எம் பேரனுக்குப் பரீட்சத் தாளு இப்படித்தான் இருக்கும். கேள்வி இருக்கும், பக்கத்துல மார்க்கு இருக்கும். நீ இருவது கேள்வி எழுதிருந்த. நாங்க இருவதுக்கும் மார்க்குப் போட்டோம்."

"மேல பொடி எழுத்துல எழுதிருந்தேனே, ஒண்ணுன்னா திருப்தி இல்ல, அஞ்சுன்னா முழுத் திருப்தின்னு..."

"அத யாரு வாசிச்சா?"

மணப்பாட்டிலிருந்து கட்டிக்கொடுத்து இங்கே வந்தவள் அல்போன்சா. மீன் குழம்பை விரலில் வழித்தபடி அவள் சொன்னாள்: "நான் அந்தப் பதினாலுக்கு மட்டும் நாலு போடுவோம்னேன். பூட்டிக் கெடக்கத தெறந்திருக்கமாதிரி எழுதிருக்கா, கேள்வியே தப்புல்லான்னு. இவளுவோ விடல. பச்சப்புள்ளயோட மார்க்கக் கொறைக்கியேன்னு எல்லாரும் என்னயப் போட்டு ஏசுனாளுவோ."

இசக்கிச்செல்விக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. கையில் இருந்த அறுபது தாள்களையும் பார்த்தாள். இத்தனை மார்க்கை இதற்கு முன்னால் யாரும் அவளுக்குப் போட்டதில்லை.

"சித்தி, அது எனக்கு மார்க்கு இல்ல. நீங்க கம்பெனிக்குப் போடுத மார்க்கு."



"கம்பெனிக்கா?" என்றாள் சீனித்தாய். கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். "நாங்க அவனுவளுக்கு மார்க்குப் போடலாமா?"

"நீங்கதான் போடணும்."

"முன்னாலயே சொல்லித் தொலைக்கக் கூடாதா? எடுளா பேனாவ!"

மறுநாள் புதிய தாள்கள் வந்தன. இசக்கிச்செல்வி ஒவ்வொரு கேள்வியையும் உரக்க வாசித்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பஞ்சாயத்து நடந்தது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஒன்று போட்டுக் கம்பெனியைக் கவிழ்ப்பார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படி நடக்கவில்லை. சம்பளம் தேதி தவறாமல் வருகிறது, ஐந்து. குடிதண்ணீர் கேன் ஒழுங்காக வருகிறது, ஆனால் டம்ளர் ஒன்றே ஒன்றுதான், நாலு. கையுறை கேட்டால் கிடைக்கிறது, கேட்டால்தான் கிடைக்கிறது, மூன்று. சூப்பர்வைசர் மரியாதையாகப் பேசுகிறாரா என்ற கேள்விக்கு மட்டும் பதினைந்து நிமிஷம் சண்டை. "மனுஷன் நல்லவன்தாம்ளா, வாயிதான் ஓட்ட" என்று கடைசியில் மூன்றில் வந்து நின்றது.

பதினாலாம் கேள்விக்கு சீனித்தாய் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "முட்ட கெடையாதா?"

"ஒண்ணுலருந்துதான் சித்தி ஆரம்பம்."

"ஒண்ணு எதுக்குக் குடுக்கணும்? கட்டுனதுக்கா?" என்று முணுமுணுத்துவிட்டு ஒன்றைச் சுழித்தாள். பக்கத்தில் தன் திருப்திக்காக ஒரு முட்டையும் வரைந்துவைத்தாள்.

வியாழக்கிழமை காலை இசக்கிச்செல்வி சிவபாலனின் அறைக்குப் போனாள். அவன் முகமெல்லாம் பல்லாக வரவேற்றான். கண்டுபிடித்ததை முதலில் கம்பெனிக்குத்தான் காட்டவேண்டும் என்பது அவன் போட்ட நிபந்தனை. அதனால் பழைய அட்டவணையை ஞாயிற்றுக்கிழமையே அவனுக்கு அனுப்பியிருந்தாள். அவன் அதை வைத்து அழகாக ஒரு விருது விண்ணப்பமே தயாரித்துவிட்டான். 'நூறு சதவீதப் பெண்கள் முழுத் திருப்தி' என்று திரையில் பூப்போட்டு மின்னியது.

"வாம்மா, நீதான் எங்க ஸ்டார். திங்கக்கிழம விருதுக்கு ஜட்ஜுங்க பாக்க வாராங்க. சர்டிபிகேட்ட எடு, கையெழுத்துப் போட்டுருதேன்."

பேனா மூடி திறந்திருந்தது. சான்றிதழ் அவள் கையில் இருந்தது. நீட்டினால் போதும். அடுத்த பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்விடலாம். அவள் நீட்டினாள். ஆனால் நீட்டியது புதிய அட்டவணையை.

"சார், அந்த நூறு சதவீதம் தப்பு. அது எனக்குப் போட்ட மார்க்கு. கம்பெனிக்குப் போட்டது இது."

அவன் வாசித்தான். பதினாலில் வந்து நின்றான். பேனாவை மூடிவிட்டான்.

"முதல்ல குடுத்ததையே பைண்ட் பண்ணும்மா. படிக்க வந்த இடத்துல எதுக்கு வம்பு?"

"படிச்சதுனாலதான் சார் வம்பு. ரெண்டையும் போடுவேன், தப்பு எப்படி நடந்துச்சுன்னும் எழுதுவேன். கம்பெனி பேரு வேண்டாம்னா எடுத்துருதேன். நம்பர மாத்த மாட்டேன்."

"அப்ப கையெழுத்து கிடையாது."

கையெழுத்து இல்லையென்றால் வைவா இல்லை. அடுத்த வருஷம். கடையில் அப்பா எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறார். ஆனாலும் வாய் நிற்கவில்லை. அது என்றைக்கு நின்றது?

"சரி சார். திங்கக்கிழம ஜட்ஜு வந்து ஏதாவது ஒரு அக்காகிட்ட 'ஓய்வறைக்கு எத்தன மார்க்கு'ன்னு கேட்டா என்ன செய்வீங்க? போன வாரம்னா முழிச்சிருப்பாங்க. இப்பம் அவங்களுக்கு மார்க்குப் போடத் தெரியும்."

சிவபாலன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். வெளியே கன்டெய்னர் நிழலில் சீனித்தாய் நின்றுகொண்டிருந்தாள். இந்தப் பக்கமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் பேனா செருகியிருந்தது.

"தினமும் திறந்துவிட்டா அழுக்காயிரும்மா" என்றான், பாதிக் குரலில்.

"கக்கூஸ் சார் அது. அழுக்காவதுக்குத்தான் கட்டுறது."

டிராயர் திறந்தது. சாவி மேஜைமேல் விழுந்தது. "திறந்தாச்சுல்ல? இப்ப பதினால மாத்திக் கொண்டா."

"நான் மாத்த முடியாது சார். அவங்கதான் மாத்தணும்."

பூட்டுத் திறந்த சத்தம் கேட்டுக் கிடங்கே திரண்டுவிட்டது. உள்ளே போனவர்கள் கண்ணாடியில் முகம் பார்த்தார்கள், டைல்ஸைத் தடவினார்கள். அல்போன்சா குழாயைத் திருகினாள். புஸ் என்று காற்று வந்தது.

"ரெண்டு!" என்று உள்ளிருந்தே கத்தினாள்.

மேலே தொட்டி இருந்தது. கீழிருந்து தொட்டிக்குக் குழாய் இணைப்புதான் இல்லை. கல்வெட்டு வைத்தவர்கள் அதை மறந்துவிட்டார்கள். இசக்கிச்செல்வி போய் "ரெண்டு சார்" என்று மட்டும் சொன்னாள். சிவபாலன் தலையில் கைவைத்தான். பிறகு செல்போனை எடுத்தான். பிளம்பர் வந்து இணைப்புக் கொடுத்து முடிக்க நாலு மணி ஆயிற்று. தண்ணீர் வந்தது. பெண்கள் முறை வைத்துப் போய் வந்தார்கள். சாவி காண்ட்ராக்டரிடமும் போகவில்லை, டிராயருக்கும் திரும்பவில்லை. சீனித்தாயின் இடுப்பில் ஏறிக்கொண்டது.

"இப்பம் எத்தன சித்தி?"

சீனித்தாய் யோசித்தாள். "மூணு. நாளைக்கும் தெறந்திருந்தா பாத்துக்கிடுவோம்."

"அஞ்சு போடக் கூடாதாம்மா?" என்றான் பின்னாலேயே வந்து நின்ற சிவபாலன்.

"ஒரு நாளு தண்ணி விட்டதுக்கு அஞ்சா சார்? பாஸாயிட்டீங்கள்லா, போங்க."

பழையது, புதியது, பதினாலு மட்டும் மூன்றாக மாறியது என்று மூன்று அட்டவணைகளையும் புரட்டிவிட்டு, அவற்றிலிருந்த கம்பெனி பெயரை அடித்துவிட்டு, அவன் சான்றிதழில் கையெழுத்துப் போட்டான். விருது விண்ணப்பத்தில் இருந்த பூப்போட்ட நூறையும் அவளுக்கு முன்னாலேயே அழித்தான். அழிக்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை என்பதும் ஒரு காரணம். சான்றிதழின் அடியில் மாணவியின் நடத்தை என்ற இடத்தில் மட்டும் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு எழுதித் தள்ளிவிட்டான்.

வாசலில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"போட்டானா?"

"போட்டுட்டாரு."

"உன்னயப் பத்தி என்ன எழுதிருக்கான், வாசி."

"நடத்தை, திருப்திகரம்."

"திருப்திகரம்னா அஞ்சுல எத்தன?"

இசக்கிச்செல்வி ஒரு கணம் கணக்குப் பார்த்தாள். "மூணு சித்தி."

"கக்கூசுக்கும் மூணு, எம் புள்ளைக்கும் மூணா!" என்று சீனித்தாய் காதிலிருந்து பேனாவை உருவினாள். அந்தச் சான்றிதழைக் காப்பாற்ற இசக்கிச்செல்வி பஸ் ஸ்டாப் வரை ஓடவேண்டியிருந்தது.