பதினெட்டு நாள் விக்கல்

நஸீறாவுக்கு விக்கல் பிடித்தது 2006 மாசி மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை. தறியில் இருந்தவள் தண்ணீர் குடித்துப் பார்த்தாள், மூச்சை அடக்கிப் பார்த்தாள், நிற்கவில்லை. தின்றதெல்லாம் வாந்தியாய் வந்தது. தூக்கத்திலும் உடம்பு துள்ளியது. காத்தான்குடியில் அவள் வீட்டு ஒழுங்கையால் போனவர்கள் அந்தச் சத்தம் கேட்டதும் பேச்சைத் தாழ்த்திக்கொண்டார்கள். "வாவிக்கரையில எதையோ கண்டு பயந்திருக்கா" என்றார்கள். புருஷன் றவூப் மருந்தும் வாங்கினான், ஓதிய தண்ணீரும் கொண்டுவந்தான்.

பதினெட்டாம் நாள் விடிய விக்கல் தானாக நின்றது. வீட்டில் விழுந்த அமைதியைக் கேட்க அவளுக்குப் பயமாயிருந்தது.

இரண்டு கிழமை போனது. சாரிக் கரைக்குச் சிவப்பு நூல் எடுத்தவள், சாயம் வெளிறிவிட்டதோ என்று நினைத்தாள். வலக்கண்ணைப் பொத்தினாள்: இரத்தச் சிவப்பு. இடக்கண்ணைப் பொத்தினாள்: சேற்று நிறம். மூன்றே நாளில் அந்தச் சேறும் போய், வலக்கண்ணில் சாம்பல் மட்டும் மிஞ்சியது.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டொக்டர் தலையைச் சொறிந்தார். "இது குளிர்நாட்டு வெள்ளைக்காரருக்கு வாற நரம்பு நோய். நம்மட ஆக்களுக்கு வாறது குறைவு. உங்களுக்கு எப்பிடி வந்ததெண்டுதான் விளங்கல்ல." அந்த நோய்க்குரிய ஊசியை எழுதிக் கொடுத்தார்.

ஊசி தொடங்கி மூன்றாம் மாதம், கயிறு போட்டு இறுக்கினதுபோல் இடுப்பைச் சுற்றி வலித்தது. மறுநாள் கால்கள் அசையவில்லை. றவூப் பாதத்தைக் கிள்ளினான். வேறொருத்தியின் பாதத்தைப் பார்ப்பதுபோல நஸீறா பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாடகை வானில் கிடத்திக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். யுத்தகாலம்; சோதனைச் சாவடிக்குச் சாவடி ஆமிக்காரர் போர்வையைத் தூக்கிப் பார்த்தார்கள். கொழும்பு ஆஸ்பத்திரியில் தமிழ் பேசும் நரம்பு டொக்டர் ஒருவர், நடுவயதுப் பெண். கண்ணும் காலும் போன கதையைக் கேட்டவர், கொண்டுபோன மருத்துவக் கோப்பைத் திறக்கவே இல்லை.

"கண் போறதுக்கு முன்னம் நாள்கணக்கா விக்கல் இருந்ததா?"

நஸீறாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எந்த டொக்டரும் அதைக் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

"ஓம், பதினெட்டு நாள். ஆர் சொன்ன உங்களுக்கு?"

"ஒருத்தரும் சொல்லல்ல. இந்த நோய் சில பேருக்கு அப்பிடித்தான் தொடங்கும். வெள்ளைக்காரருக்கு வாறது வேற. அதைப்போலவே தெரியுற இது ஆசியாக்காரரிலயும் ஆபிரிக்காக்காரரிலயும்தான் கூடுதல். அதுக்குக் குடுக்கிற ஊசி இதைக் கிளப்பி விட்டிரும்."

இரத்தம் சோதனைக்காக வெளிநாட்டுக்குப் போனது. ஆறு கிழமையில் பதில் வந்தது: டொக்டர் சொன்னதேதான். ஊசியை நிறுத்தி, வேறு மருந்து தொடங்கினார்கள். அடுத்த வருஷம் நஸீறா பொல்லூன்றி நடந்தாள். வலக்கண் திரும்பவில்லை.

கொழும்பிலிருந்து புறப்படும்போது டொக்டர் சொன்ன ஒன்று அவளை விடவில்லை. "உங்கட பக்கம் இது இல்லையெண்டு இல்ல. ஆரும் கேட்டுப் பார்க்கல்ல."

இரண்டு ஒழுங்கை தள்ளி, ஒன்பது வருஷமாய்க் கண்ணும் தெரியாமல் காலும் அசையாமல் நபீஸா என்றொரு பெண் கிடந்தாள். ஜின் பிடித்த வீடென்று ஒருவரும் உள்ளே போவதில்லை. ஒரு பின்னேரம் நஸீறா போனாள். சாம்பிராணிப் புகைக்குள் பாயில் கிடந்தவளின் காதருகே குனிந்தாள்.

"ராத்தா, கண் போக முன்னம் உங்களுக்கு விக்கல் வந்ததா?"

பாயில் கிடந்த முகம் மெல்லத் திரும்பியது. பிறகு எலும்பான கை நஸீறாவின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது.

"இருவத்தொரு நாள்."

நபீஸாவையும் றவூப் அதே வானில் ஏற்றிப் போனான். அவள் இரத்தத்துக்கும் அதே பதில்தான் வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் போன கண்ணும் காலும் மீளவில்லை. ஆனால் உடம்பை முறுக்கி அலறவைத்த இழுப்பு மருந்தில் அடங்கியது. அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராய் அந்த வீட்டுப் படியேறினார்கள்.

ஏறாவூரில் இப்படியே கண் போன ஒருத்தி இருப்பதாகக் கேள்விப்பட்டதும், நஸீறா பொல்லை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.