ஷிப்ட் பார்த்துப் பூத்த தோட்டம்

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஆடியில் மார்த்தாள் விதை போட்ட தோட்டம், ஐப்பசியிலிருந்து அவள் புருஷன் கிறிஸ்துதாஸின் ஷிப்ட் பார்த்துப் பூக்க ஆரம்பித்தது. எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் இதை யாரும் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மாதம் தக்காளி விலை ஏறிக் கிடந்தது, பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். கிறிஸ்துதாஸுக்கு நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் வேலை. அவர் காலை ஷிப்ட் போகிற வாரம் கத்தரியும் வெண்டையும் மதியம் அவர் சைக்கிள் சத்தம் கேட்ட பிறகுதான் பூ விரிக்கும். மதிய ஷிப்ட் வாரத்தில் விடிந்ததும் விரிந்துவிடும். நைட் ஷிப்ட் என்றால் பகல் முழுக்க இலையை மடக்கிக்கொண்டு அவரோடு சேர்ந்து தூங்கும். ஜன்னலோரம் யாராவது சத்தம் போட்டால் பீர்க்கங்கொடி வேலிக்கு மேலே எட்டித் தலையில் ஒரு தட்டுத் தட்டும். அடி ஒன்றும் பலமில்லை.

மழைக்காலத்தில் செடிகள் கரித்தூசி போகக் குளித்துப் பளபளவென்று நின்றன. மார்கழியில் வேலி முழுக்க டிசம்பர் பூ. கத்திரி வெயிலில் எல்லாம் லீவு போட்டுவிடும், ஒரே ஒரு மிளகாய்ச் செடி மட்டும் ஓவர்டைம் பார்க்கும். நடுவில் ஒரு வருஷம் கிறிஸ்துதாஸ் கோயில் தேர் பார்க்க ஆசைப்பட்டு, கூட வேலை செய்யும் வேணுவோடு ஷிப்ட் மாற்றிக்கொண்டார். செடிகளிடம் சொல்ல மறந்துபோனார். அவை வழக்கம்போலப் பூத்து, ஆளைக் காணாமல் கோபித்துக்கொண்டு, அந்த வாரம் முழுக்க மொட்டையே திறக்கவில்லை. "ஏங்க, வாயில்லா ஜீவனுங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்கினு போனா கொறைஞ்சா பூடுவீங்க?" என்று மார்த்தாள் போட்ட சத்தம் அடுத்த தெருவரைக்கும் கேட்டது. அதற்கப்புறம் பாவம், மனுஷன் ஷிப்ட் மாறினால் ஆபீசில் சொல்வதற்கு முன்னால் தோட்டத்தில் சொல்லிவிடுவார்.

எல்லாச் செடியும் பிள்ளைதான், ஆனால் அவரைக்கொடிதான் அவள் செல்லம். பெற்ற மகள் கிறிஸ்டினாவே அவரைக்கு அப்புறந்தான். அம்மாவிடம் காரியம் ஆகவேண்டுமென்றால் அந்தப் பெண் முதலில் பந்தலுக்குப் போய்க் கொடியைத் தடவிக் கொடுத்துவிட்டு வரும்.

இரண்டாயிரத்து நாலு கார்த்திகையில் கிறிஸ்துதாஸ் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மந்தாரக்குப்பத்தில் சொந்த வீடு தயார்தான், பின்னால் மண்ணும் இருக்கிறது. ஆனால் தோட்டம்? மார்த்தாளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு செடியாகப் போய், "எங்கூட வந்துடுங்க கண்ணுங்களா" என்று கெஞ்சினாள். காலி செய்கிற அன்று காலை எல்லாச் செடியும் வேரோடு மண்ணை அள்ளிக்கொண்டு லாரிக்குப் பின்னால் வரிசையாக நின்றன. மிளகாய்தான் முதல் ஆள். மார்த்தாளுக்கு வந்த சந்தோஷத்தில் லாரி டிரைவருக்குக்கூட இரண்டாவது தடவை காபி கிடைத்தது.

அப்போதுதான் அந்த வீட்டுக்கு அடுத்துக் குடிவரும் விஜயகுமாரி பால் காய்ச்சப் பாத்திரத்தோடு வந்தாள். அவள் புருஷன் கலியமூர்த்தி வருஷக்கணக்காக கான்ட்ராக்டில் கிடந்து இப்போதுதான் பெர்மனன்ட் ஆனவன். மந்தாரக்குப்பத்தில் மாடியில் ஒற்றை ரூம், ஒரு பெயின்ட் டப்பாவில் துளசி, அவ்வளவுதான் அதுவரை அவள் தோட்டம். போன வாரம் வீடு பார்க்க வந்தபோது சமையல்கட்டைக்கூட எட்டிப் பார்க்காமல் அவரைப் பந்தலடியிலேயே நின்றுவிட்டுப் போனவள். இப்போது கொல்லையில் வெறும் குழிகள்.

"பரவாயில்லீங்கக்கா, உங்க செடிங்கதானே" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மார்த்தாள் லாரியில் ஏறி உட்கார்ந்தாள். இறங்கினாள். "யாராச்சும் ரெண்டு பேர் இருந்துக்குங்களேன்" என்றாள். ஒரு செடியும் அசையவில்லை. கத்தரி எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றது. கடைசியில் அவரையிடம் போனாள். போனதுமே அது அவள் கையை இறுகச் சுற்றிக்கொண்டது. ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள், கண்ணீர் தாரையாக ஓடியது, துடைக்கவில்லை. கொண்டுபோய்ப் பழைய பந்தலில் ஏற்றிவிட்டு, "கலியமூர்த்திக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். கேட்டுக்கினியா?" என்றாள்.

மற்றவை லாரிக்குப் பின்னாலேயே நடந்து மந்தாரக்குப்பம் போய்ச் சேர்ந்தன. குறிஞ்சிப்பாடி பஸ் மட்டும் கொஞ்சம் ஓரங்கட்ட வேண்டியிருந்தது.

பொங்கல் கழிந்து மார்த்தாள் அவரையைப் பார்க்கப் போனாள். பட்டப்பகல். கொடி பந்தல் நிறையக் காய்த்து, இலையை மடக்கிக்கொண்டு அசந்து தூங்கியது. அவள் வந்தது அதற்குத் தெரியவே இல்லை. உள்ளே கலியமூர்த்தியின் குறட்டை.

"எழுப்பட்டுங்களாக்கா? உங்களப் பாத்தா சந்தோஷப்படும்" என்றாள் விஜயகுமாரி.

"வேணாம்டி, தூங்கட்டும்" என்றாள் மார்த்தாள். இரண்டு பேரும் முறத்தை நடுவில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் காய் பறித்தார்கள்.