கண்டதாகச் சொன்னது

"இப்ப இடப்பக்கம் திருப்புவம், மெதுவா" என்றார் ஹமீட். நளீமின் மருமகன் றமீஸ் தோளைப் பிடிக்க, இருவருமாக அவருடைய உடலைக் குளிப்பாட்டும் பலகையில் சரித்தார்கள். நஸீறா இலந்தை இலை போட்ட தண்ணீரைக் கோப்பையில் அள்ளி வைத்திருந்தாள். ஊற்றவில்லை.

"ஊத்து புள்ள. என்னத்தப் பாக்காய்?"

புருசனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் லொறி ஜன்னலில் முழங்கையை வைத்தே ஓட்டியதில் வலது தோள் மேலே ஏறிப் போயிருந்தது. உயிர் போன பிறகும் அது இறங்கவில்லை.

பெண்சாதி புருசனைக் குளிப்பாட்டலாம், மார்க்கத்தில் தடை இல்லை. ஆனால் அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் செய்ததில்லை. காலையில் அவள் கேட்டபோது அவளுடைய அண்ணன் ஹமீட் காக்கா முகத்தைச் சுளித்தார். துக்கத்தில் பிடிவாதம் பிடிக்கிறாள் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். துக்கமும் இருந்தது, இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் அவள் வந்தது அந்த முதுகை ஒரு தடவை நல்ல வெளிச்சத்தில் பார்ப்பதற்கு.

பத்து வருடத்துக்கு முன், மகள் றினோஸாவின் கலியாணத்துக்கு இருபது நாள் இருக்கையில், அலுமாரியில் இருந்த ஆறு தங்கக் காப்புகள் காணாமல் போயின. அன்று பகல் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த நஸீறா, அறையிலிருந்து பின்வாசலுக்குப் போன ஒரு முதுகைக் கண்டாள். நடையில் இருட்டு. கண்ணை மூடித் திறக்கும் நேரம்தான். மகளுக்குச் சீதனமாக எழுதவிருந்த அந்த வீட்டில் அப்போது மேசன் இன்ஸாப் பின்னறைக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தான். நளீமோ கொழும்புக்கு மீன் லொறி கொண்டு போயிருந்தார், மறுநாள்தான் வரவேண்டும்.

பொலிஸில் சார்ஜன், "கண்டது இன்ஸாப்பத்தானே?" என்று கேட்டார். பக்கத்தில் ஹமீட் நின்றார். நஸீறா "ஓம்" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்கு இன்ஸாப் நாற்பத்தொரு நாள் றிமாண்டில் இருந்தான். காப்பும் கிடைக்கவில்லை, சாட்சியும் போதவில்லை என்று விட்டுவிட்டார்கள். ஊர் விடவில்லை. அதற்குப் பிறகு மதில் கட்டவும் மலசலகூடக் குழி கட்டவும் அவனைக் கூப்பிட்டார்கள், வீட்டுக்குள் வேலைக்கு ஒருவரும் எடுக்கவில்லை.

அதே மாதம் நளீமின் லொறிக்கு வேறு எஞ்சின் ஏறியது. எப்படி என்று நஸீறா கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்லிவிடுவார் என்ற பயம். அரிசிக்குள் கல் கிடக்கிறது என்று தெரிந்தும் மென்று விழுங்குகிற மாதிரித்தான் பத்து வருடம் அவரோடு வாழ்ந்தாள். அவர் குளிக்கப் போனால் சேர்ட் பையைத் தடவிப் பார்ப்பாள். போனில் கோல் வந்து அவர் முற்றத்துக்கு எழுந்து போனால் ஜன்னலோரம் போய் நிற்பாள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததும் நிம்மதி தரவில்லை.

நஸீறா தண்ணீரை ஊற்றினாள். நடையில் கண்டது இந்த முதுகுதான். பொலிஸில் "ஓம்" சொன்ன அன்றும் அவளுக்கு அது தெரிந்தேதான் இருந்தது.

இன்று காலை எட்டு மணிக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வருவதற்கு முன்பே, றினோஸாவின் போனுக்குப் பொலிஸிலிருந்து கோல் வந்திருந்தது. களவு நகை வாங்கும் ஒருவனை வேறு ஊரில் பிடித்திருக்கிறார்களாம். அவனிடம் உருக்காமல் கிடந்த நகைகளில் இரண்டு காப்புகள் பழைய முறைப்பாட்டில் எழுதியதுபோல் இருக்கின்றனவாம், ஒன்று கதவில் நசுங்கி நிமிர்த்தியது. உம்மாதான் வந்து அடையாளம் காட்டவேண்டும். விற்ற ஆளின் படத்தைக் காட்டினால் அவன் சொல்லிவிடுவானாம். மௌத்து என்று கேட்டதும் சார்ஜன் அனுதாபம் சொன்னார். ஆனால் நாளை மறுநாளுக்குள் வந்தால் நல்லது என்றும் சொல்லிவைத்தார்.

போன வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நளீம், "இன்ஸாப்ப ஒருக்கா வரச்சொல்லு" என்று சொல்லியிருந்தார். நஸீறா கேளாததுபோல் தலையணையைச் சரிசெய்தாள். மறுநாளும் சொன்னார். மூன்றாம் நாள் அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது.

கபன் துணி சுற்றி முடிந்ததும் ஹமீட் குசினிக்கு வந்தார். ஹமீட் பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒரு மரைக்கார். மெல்லக் கதைக்கத் தெரியாதவர், இப்போது மெல்லக் கதைத்தார்.

"பொலிசுக்கு நான் போறன். தங்கச்சி இத்தா இரிக்கா, நாலு மாசமும் பத்து நாளும் வெளிய வர ஏலா எண்டு சொல்றன். அந்தக் காப்பு எங்கட இல்ல எண்டு எழுதிக் குடுத்துட்டு வாறன்."

"நீங்க காப்பப் பாக்காம எப்பிடி இல்ல எண்டு சொல்ற?"

"பாத்தா என்ன, பாக்காட்டி என்ன? மையித்து இன்னும் ஊட்டுக்குள்ள கிடக்கு."

நஸீறாவுக்குச் சுருக்கென்றது. காக்காவுக்கு ஏன் இவ்வளவு அவசரம்? அன்று பொலிஸுக்குக் கூட்டிப்போனதும் இவர்தான், இன்ஸாப்பின் பெயரை முதலில் எடுத்ததும் இவர்தான். ஒருவேளை தான் முதுகைப் பிழையாகக் கண்டிருந்தால்? அந்த நினைப்பு வந்ததும் மனது கொஞ்சம் லேசானதை உணர்ந்து வெட்கப்பட்டாள். புருசனைக் காப்பாற்றக் கூடப்பிறந்தவரைக் கள்ளனாக்கப் பார்க்கிறது மனது.

"காக்கா, ஒங்களுக்கு என்னமோ தெரியும்."

"எனக்கு என்ன தெரியும்? அண்டைக்கு நீ ஓம் எண்டு சொன்ன நேரம் ஒண்ட முகத்தத்தான் பாத்துக்கிட்டு நிண்டன். நீ பொய் சொல்றாய் எண்டு தெரிஞ்சிது." ஹமீட் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "நீங்க ரெண்டு பேரும் சேந்துதான் எடுத்தீங்க எண்டு இண்டைக்கு வரைக்கும் நினைச்சிக்கிட்டு இரிக்கன். தங்கச்சி எண்டுதான் வாய மூடிக்கிட்டு இரிந்தன்."

பத்து வருடமாக எல்லாரையும் தான்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தாள். பெருநாளைக்குச் சேமியாவும் கோழிக்கறியும் சாப்பிட்டுப் போன காக்கா, அவளைக் கள்ளி என்று நினைத்துக்கொண்டேதான் சாப்பிட்டிருக்கிறார்.

அஸர் தொழுகைக்கு முன் மையித்தை வைத்த சந்தூக்கைத் தூக்கத் தயாரானார்கள். முற்றம் நிறைய ஆட்கள். சாய்ந்தமருதுக் கரையிலிருந்து தோணிக்காரர்கள், நளீமோடு ஓடிய லொறிக்காரர்கள், மருதமுனையில் இருந்து அவருடைய சொந்தங்கள். பெண்கள் அறைக்குள்ளிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். ஹமீட் சந்தூக்கின் தலைமாட்டில் நின்று குரலை உயர்த்தினார்.

"மச்சான் நளீம் சொல்லாலயோ செயலாலயோ ஆருக்காச்சும் ஏதும் செஞ்சிரிந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிக்குங்க. ஆருக்கும் ஏதும் ஹக்கு, குடுக்க வேண்டியது இரிந்தா எங்கட்ட வந்து சொல்லுங்க."

"மன்னிச்சிட்டம்" என்றது கூட்டம்.

இன்ஸாப் மாமரத்தடியில் நின்றான். கபுறுக் குழி வெட்டிவிட்டு வந்திருந்தான், சாரனில் முழங்கால் வரை மணல். அவனுடைய வாயும் அசைந்தது. பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சந்தூக்கின் முன்பக்க மூலை ஒன்றைத் தோளில் வாங்கினான். ஹமீட் ஒரு கணம் தயங்கி இடம் விட்டார்.

நஸீறாவுக்கு அழுகை வந்தது. புருசனுக்காக வந்ததா, வேறு எதற்காக வந்ததா என்று அவளாலேயே சொல்லமுடியவில்லை. அவன் மன்னித்துவிட்டான், இனி என்ன, காக்கா சொன்னதுபோல விட்டுவிடலாம் என்று நினைத்தாள். அழுகைக்கு நடுவில் ஒரு ஆறுதல்கூட வந்தது.

நல்லடக்கம் முடிந்து ஆட்கள் திரும்பிவந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தபோது, கபுறு வெட்ட வாங்கிப்போன மம்பட்டியைத் திருப்பிக் கொடுக்க இன்ஸாப் பின்வாசலுக்கு வந்தான். நஸீறா கதவுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டாள்.

"இன்ஸாப்."

"ஓம் ராத்தா."

"மன்னிச்சிட்டம் எண்டு எல்லாரும் சொன்ன நேரம் நீயும் சொன்னயா?"

"சொன்னன்."

"மனசோடயா?"

"மையித்துக்கு முன்னால பொய் சொல்ல ஏலுமா?" மம்பட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குழாயைத் திறந்தான். "நளீம் காக்கா எனக்கு ஒண்டும் செய்யல்லியே. பொலிசுல என்னப்பத்தி ஒரு சொல்லு சொன்னவரு இல்ல. அவர மன்னிக்க எனக்கென்ன கஷ்டம்?"

கையைக் கழுவி முடித்தான்.

"கண்டன் எண்டு சொன்னது நீங்க, ராத்தா. இண்டைக்கு மன்னிப்பு கேட்டது ஒங்கட மாப்பிளை நளீம் காக்காவுக்காக. ஒங்களுக்காக இன்னும் ஆரும் கேக்கல்ல."

குரலில் கோபம் இருந்திருந்தால் அவள் ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். அவன் சாதாரணமாகச் சொன்னான், குழாயை இறுக்கி மூடிவிட்டுப் போனான். "மன்னிச்சிரு" என்பது அவள் வாய்வரை வந்து நின்றுவிட்டது. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அதைச் சொல்ல ஒரு மனுசி எவ்வளவு வெட்கம் கெட்டிருக்கவேண்டும்!

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு நஸீறா வெள்ளை உடுப்போடு முன்வாசலுக்கு வந்தாள். அயல் வீட்டிலிருந்து வந்த இடியப்பத்தைத் தின்றுகொண்டிருந்த ஹமீட், கையை உதறாமலே எழுந்தார்.

"எங்க போறாய்?"

"பொலிசுக்கு."

"இத்தாக்காரி தெருவுல போனா ஊரு என்ன கதைக்கும்? நான் மரைக்கார், என்ட முகத்த எங்க கொண்டு வைக்கிற?"

"தேவைக்குப் பகல்ல போகலாம் எண்டு பள்ளியில பயான் வைச்சது நீங்கதானே, காக்கா. எனக்கு இது தேவ."

"நகை வாங்கினவன் நளீம்ட படத்தப் பாத்து வித்தது இவருதான் எண்டு சொன்னா என்ன செய்வாய்?"

நஸீறா செருப்பைப் போட்டுக்கொண்டாள். இரண்டு இரவாக அவளும் இதைத்தான் யோசித்துக்கொண்டு கிடந்தாள். நளீம்மீது அவளுக்குப் பாசம் இருந்தது, அதுதான் வினை. அந்த ஏறிய தோளில் தைலம் தேய்த்துவிட்ட கை இது.

றினோஸா வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. "வாப்பாவா உம்மா?" என்று கேட்டாள்.

"எனக்கு அப்பிடித்தான் தெரியும் மகள்."

"அப்ப என்ட புள்ளையளுக்கு நான் என்னத்தச் சொல்ற?"

"இன்ஸாப்ட புள்ளையளுக்கும் ஆரோ ஏதோ சொல்லித்தானே இரிப்பாங்க."

றினோஸா உள்ளே போனாள். வரமாட்டாள் என்று நினைத்து நஸீறா கேற்றைத் திறந்தாள். பின்னால் ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. கடற்கரை வீதியால் மகள் அவளை ஏற்றிக்கொண்டு போனாள். பொலிஸ் வாசலில் நிறுத்தி, "நான் உள்ளுக்கு வரமாட்டன்" என்று மட்டும் சொன்னாள்.

பத்து வருடத்துக்கு முந்திய சார்ஜன் அல்ல, இவர் வேறு ஆள், மகன் வயது இருக்கும். வெள்ளை உடுப்பைக் கண்டதும் எழுந்து கதிரை போட்டார். மேசை லாச்சியிலிருந்து ஒரு கடதாசி உறையை எடுத்து, மேசையில் பழைய பத்திரிகையை விரித்து, இரண்டு காப்புகளையும் அதில் வைத்தார். நசுங்கி நிமிர்ந்த காப்பு நஸீறாவின் பக்கம் உருண்டு வந்து விழுந்தது.

"அவசரமில்ல உம்மா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. வித்த ஆளையும் மறுகா பாப்பம்."

"இத பொறகு பாக்கன், மகன்" என்றாள் நஸீறா. "முதல்ல அந்தப் பழைய முறைப்பாட்டு எண்ட்ரிய எடுங்க. அதுல ஆளக் கண்டன் எண்டு நான் சொன்னது இரிக்கும். அது பிழ. அத முதல்ல எழுதணும்."

சார்ஜன் அவளைப் பார்த்தார், காப்புகளைப் பார்த்தார். பிறகு சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். அங்கே இரும்பு அலுமாரி திறக்கும் சத்தமும் புத்தகங்களை ஒவ்வொன்றாக இறக்கி வைக்கும் சத்தமும் கேட்டன. மேலே சுழன்ற மின்விசிறிக்குப் பத்திரிகையின் ஓரம் எழும்பி எழும்பி அடித்தது. நஸீறா காப்புகளில் படாமல் அந்த ஓரத்தை மட்டும் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவர் வரும்வரை உட்கார்ந்திருந்தாள்.