கேட்காமல் வைத்த மருந்து

ஏப்ரலில் குதிரை என்னைக் கீழே தள்ளித் தோள்பட்டையை உடைத்தபோது, மே மாதம் கன்றுகளுக்குச் சூடு போடும் வேலை என்ன ஆகுமோ என்று நான் கவலைப்படவே இல்லை. நெப்ராஸ்காவின் இந்த மணல்மேடுகளில் ஒருவர் படுத்துவிட்டால், சுற்றியுள்ள பண்ணைக்காரர்கள் கயிறும் குதிரையுமாக வந்து வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். முன்கூட்டிக் கேட்பதும் இல்லை, பின்னால் சொல்லிக்காட்டுவதும் இல்லை. சொல்லிக்காட்டுகிறவனை இங்கே ஒருவரும் மதிப்பதில்லை.

அந்த வருடமும் வந்தார்கள். கிழக்கு வேலிக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரன் ஆர்லன் யெஸ்பர்சன்தான் எல்லாரையும் கூட்டி வந்தவன். நான் ஒரு கையைத் துணியில் தொங்கவிட்டபடி சமையலறையில் பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்தேன். மதியத்துக்குள் எல்லாம் முடிந்து, சாப்பிட்டு, போய்விட்டார்கள்.

அதிலிருந்து கோடை முழுக்க ஆர்லன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என் கன்றுகளைப் பார்ப்பதும் தனக்குள் சிரிப்பதுமாக இருந்தான்.

"லோர்னா, உன் கன்னுங்க இந்த வருஷம் சும்மா கொழுகொழுன்னு நிக்குது, பாத்தியா?"

"மழை நல்லாப் பெஞ்சுதுல்ல."

"ஆமாமா, மழைதான், மழைதான்" என்று தொப்பியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டான். இந்த ஆளுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபரில் வியாபாரி வேட் பொக்கோர்னி இரண்டு லாரிகளோடு வந்தார். பிறந்ததிலிருந்து ஹார்மோன் வைக்காத கன்றுகளை மட்டும் நல்ல விலைக்கு எடுப்பவர். இரண்டு வருடம் அவர் பின்னால் அலைந்து பிடித்த வியாபாரம் இது. அந்த விலை வந்தால்தான் குத்தகைக்கு எடுத்திருந்த தெற்கு மேய்ச்சல் நிலம் என்னிடம் இருக்கும். இல்லாவிட்டால் மாட்டில் பாதியைக் கழித்துக்கட்ட வேண்டியதுதான்.

ஹார்மோனை விஷம் என்று பேசுகிறவள் இல்லை நான். இருபது வருடம் நானும் வைத்தவள்தான். காதின் பின்பக்கத் தோலுக்கடியில் ஊசித் துப்பாக்கியால் ஒரு அழுத்து, அவ்வளவுதான். கன்று கூடுதலாகச் சதை போடும். இந்த விலைக்காகத்தான் நிறுத்தினேன். நிறுத்தியதை ஒருவரிடமும் சொல்லவில்லை. வியாபாரம் படியாமல் போனால் ஊர்க் காப்பிக் கடையில் என் பெயர்தான் உருளும். அந்த வீம்பு எனக்கு.

லாரியில் ஏற்றும்போது ஒரு கன்றின் காதில் மாட்டியிருந்த எண் வில்லை கிழிந்து தொங்கியது. சரிசெய்யலாம் என்று காதைப் பிடித்தேன். கட்டைவிரலில் தோலுக்கடியில் ஏதோ இடறியது. கெட்டியாக, அரிசி மணியைவிடக் கொஞ்சம் நீளமாக. அடுத்த கன்றின் காதைப் பிடித்தேன், அதிலும் இருந்தது. ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனேன். கிடேரிகளை விட்டுவிட்டு, காயடித்த கன்றுகள் அத்தனைக்கும் வரிசையாக, சுத்தமாக, ஒரே கையால் வைத்த ஹார்மோன். வருடம் முழுக்கத் தாங்கும் விலை கூடிய சரக்கு. அதை வாங்குகிறவன் இந்த வட்டாரத்திலேயே ஒருத்தன்தான்.

அந்த ஆர்லன் லாரி வாசலில் நின்று பெருமை பொங்கக் கன்றுகளை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தான்.

பொக்கோர்னி, ஹார்மோன் வைக்கவில்லை என்று உறுதி சொல்லும் தாளையும் பேனாவையும் நீட்டினார். கையெழுத்துப் போட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அறுக்கிற இடத்தில் காது குப்பைக்குப் போய்விடும். பேனாவை வாங்கவும் வாங்கினேன், பொய் சொல்வானேன். ஆனால் தாளின் அடியில் அச்சடித்திருந்த என் பெயரைப் பார்த்ததும் கை ஓடவில்லை.

"பொக்கோர்னி, இதுல நான் கையெழுத்துப் போட முடியாது. காயடிச்ச கன்னுங்களுக்கெல்லாம் ஹார்மோன் வெச்சிருக்கு."

"என்னங்க இது, கடைசி நேரத்துல! யாரு வெச்சது?"

"நான்தான். மறந்து தொலைச்சிட்டேன்."

லாரி வாசலிலிருந்து ஆர்லன் மெல்ல இறங்கி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அவ எங்க வெச்சா? மே மாசம் காப்பிக் கப்பத் தூக்கவே அவளுக்குக் கையில்ல. வெச்சவன் நான்."

பொக்கோர்னி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தாளை மடித்துப் பையில் வைத்தார். "சொன்னீங்களே, அது போதும்" என்று கிடேரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். இரண்டாவது லாரி காலியாகவே திரும்பியது.

"வருஷா வருஷம் வெப்பியே, கை ஒடஞ்சதுல விட்டுப்போயிருக்கும்னு நெனச்சேன். உன்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும்" என்றான் ஆர்லன்.

"கேட்டிருக்கணும்டா, முட்டாளே!" என்று கத்தினேன். அவனை அறைய வேண்டும்போல இருந்தது. கத்திய வேகத்திலேயே அழுகையும் வந்துவிட்டது. நிறுத்தியதை நானும்தானே சொல்லவில்லை?

மீதிக் கன்றுகள் சந்தை விலைக்குப் போயின. குளிர்காலத்தில் தெற்கு நிலத்தை விட்டுக்கொடுத்தேன். யார் எடுத்தார்கள் என்று கேட்கக்கூட எனக்கு மனமில்லை. மாடுகளில் எவற்றை விற்பது என்று பெயர் குறித்து வைத்திருந்தேன்.

மே மாதம் ஒரு காலையில் போய்ப் பார்த்தால், தெற்கு நிலத்தின் வேலிக்கதவு திறந்து கிடந்தது. வெறுமனே திறந்திருக்கவில்லை, மூடிக்கொள்ளாதபடி கம்பியால் கம்பத்தோடு கட்டியிருந்தது. என் மாடுகளும் கன்றுகளும் உள்ளே முட்டளவு புல்லில் நின்றன. தூரத்தில் ஆர்லன் தண்ணீர்த் தொட்டியைச் சீர்செய்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் குனிந்துகொண்டான். நான் விட்ட குத்தகையை எடுத்தவன் யார் என்று அப்போதுதான் புரிந்தது.

இந்த முறையும் அவன் கேட்கவில்லை. நான் கன்றுகளுக்கு நடுவே புகுந்து, கைக்கு எட்டியவற்றின் காதை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன்.

"ஒண்ணும் வெக்கல தாயே!" என்று அங்கிருந்தே கத்தினான்.