அம்ஹரின் முகம்

வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் என் அண்ணன் சுமன், சரிபுதீன் நானாவின் கடை முன்னால் பைக்கை நிறுத்துவான். தையல் கடைக்குப் போகும் நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன். நானாவின் மகன் அம்ஹர் வெளியே வந்து, அண்ணனுடைய போனுக்கு முகம் காட்டுவான்.

"இளிக்காத மச்சான், பொண்ணு பாக்கவா வந்திருக்காங்க?" என்று அண்ணன் சீண்டுவான்.

"என் மூஞ்சிக்குத்தான்டா உனக்கு வேல குடுக்குறாங்க. மறந்திராத."

போன் பச்சை காட்டியதும் அண்ணன் சாப்பாட்டுப் பெட்டியை மாட்டிக்கொண்டு நுவரெலியா டவுன் முழுக்க ஓடுவான். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வீட்டு இலக்கமும் இல்லை, வீதிப் பெயரும் இல்லை. விலாசம் இல்லாதவனைக் கம்பனி சேர்க்கவில்லை. அம்ஹர் தன் பெயரிலும் முகத்திலும் சேர்ந்து கொடுத்தான். அம்மாவுக்கு அது தெரியாது. கொழுந்து எடுக்கப் போகிற இடத்திலெல்லாம், "எம் மகன் கம்பனியில இருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நேற்று மழையில் வளைவொன்றில் பைக் சறுக்கி, அண்ணனின் கால் எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில், எலும்போடு வைக்கிற தகட்டை வெளியில் காசுக்கு வாங்கி வரச் சொன்னார்கள். காசுக்கு வழி தெரியாமல் அம்மாவும் நானும் கட்டிலுக்குப் பக்கத்தில் முழித்துக்கொண்டு நிற்கும்போது அண்ணனின் போன் அடித்தது. நான் எடுத்தேன்.

"சாப்பாட்டு ஓடர் என்னாச்சு?" கம்பனியிலிருந்து ஒரு பெண் குரல்.

"விழுந்துட்டாருங்க. ஆஸ்பத்திரியில இருக்காரு. காலு..."

"சாப்பாடு கொட்டிருச்சா?"

அவளே தொடர்ந்து பேசினாள். விபத்துக்குக் கம்பனி உதவி செய்யுமாம். பைக் ஓடினவர் இப்போதே போனில் முகத்தைக் காட்டி உறுதிப்படுத்த வேண்டுமாம். வைத்துவிட்டாள். அதை அப்படியே அம்மாவிடமும் அண்ணனிடமும் சொன்னேன்.

"அம்ஹர வரச் சொல்லு" என்று அண்ணன் முனகினான். முகம் கேட்டு நின்ற போனைக் கட்டிலில் வைத்துவிட்டு, வாட்டுக்கு வெளியே ஓடி, ஒருவரிடம் போன் கேட்டு அம்ஹரை அழைத்துவிட்டுத் திரும்பினேன். அதற்குள் அம்மா போனை அண்ணனின் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள்.

"வேணாம்மா..." அவனுக்குக் கையைத் தூக்க முடியவில்லை.

திரை சிவப்பானது.

"என்னாடி எழுதியிருக்கு?"

'இது நீங்கள் அல்ல. மீண்டும் தவறினால் கணக்கு மூடப்படும்.' அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவன்தான் அங்கே கிடக்கிறான். அவன் கால்தான் கட்டித் தொங்குகிறது.

"ரத்தமா இருக்குல்ல, அதான் தெரியல." அம்மா சேலைத் தலைப்பை நனைத்து அவன் நெற்றியையும் கன்னத்தையும் பதமாகத் துடைத்தாள். தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். "இப்பப் பாரு, ராசா." நான் கையை நீட்டுவதற்குள் மறுபடி பிடித்துவிட்டாள்.

கணக்கு மூடிக்கொண்டது.

நனைந்த சட்டையோடு அம்ஹர் ஓடி வந்தான். "போன் எங்க தங்கச்சி? குடு, குடு!"

அம்மா போனை அவனிடம் நீட்டினாள்.

"நீயாச்சும் சொல்லுப்பா. பெத்தவ நானே பிடிச்சுக் காட்டுறேன், எம் புள்ளய அவன் இல்லங்குது."