வியாழக்கிழமை வண்டி

பழைய நெடுஞ்சாலையில், ஒரு உணவகத்துக்கும் டயர் கடைக்கும் நடுவே இருந்த அந்த நிலையத்தில் இரண்டே மெஷின்கள். மின்சாரக் கார்களுக்கு அரை மணி நேரத்தில் சார்ஜ் ஏற்றிவிடும் பெரிய மெஷின்கள். கம்பெனிக்கு இப்படி நாற்பது நிலையங்கள். மற்ற இடங்களில் வாரத்துக்கு ஒன்றாவது படுத்துவிடும். ஒன்றில் திரை இருண்டிருக்கும், இன்னொன்றில் சிக்னல் இருக்காது. இந்த இரண்டு மட்டும் இரண்டு வருஷமாக மக்கர் பண்ணாமல் ஓடின.

அதைப் பார்த்துக்கொண்ட டெக்னீஷியனை அலுவலகத்தில் 'மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார்கள். மாமியார் வீட்டுக்குப் போகிறவன் மாதிரி, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே போய் நிற்கிறான் என்று கேலி. அவனும் சிரித்து வைப்பான். உண்மையைச் சொன்னதில்லை.

உண்மை, அவனுடைய அக்கா.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவன் ஒரு புது நிலையத்தின் திறப்பு வேலையில் இருந்தான். போன் பைக்குள் இருந்தது. அக்கா ஏழு முறை கூப்பிட்டிருந்தாள். அவன் போய்ச் சேர்ந்தபோது கட்டில் காலியாக இருந்தது. அக்கா அழவில்லை. "உனக்கு மெஷின்தானே ஒறவு, அதுகிட்டயே போ" என்றாள். அவனும் போய்விட்டான். கோபத்தில் போனவன் வெட்கத்தில் நின்றுவிட்டான். மாதங்கள் வருஷங்களான பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது என்று தெரியவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், சார்ஜ் ஏற்றிய வண்டிகளின் பட்டியலை லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தான். பெயர் வராது, போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் வரும். அதில் ஒரு நான்கு இலக்கத்தைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய எண் அது.

அக்கா பிசியோதெரபிஸ்ட். வாரம் விட்டு வாரம் வியாழக்கிழமை பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள் என்று சித்தி மூலம் தெரிந்துகொண்டான். அன்றிலிருந்து அந்த வியாழன்களில் பதினோரு மணி ஆனால் அவனுக்கு வேறு வேலை ஓடாது. வண்டி வந்து சேரும், இருபது சதவீதத்தில் ஆரம்பித்து எண்பதுக்கு ஏறும், கிளம்பிவிடும். அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டால் அக்கா நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். ஒரு முறை வண்டி நான்கு சதவீதத்தில் வந்து சேர்ந்தது. முந்தைய நிலையம் செத்துக் கிடந்திருக்கிறது, ஏசியை நிறுத்திவிட்டு வெயிலில் உருட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று புரிந்ததும் அவனுக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலை, தன் பகுதியே இல்லாத அந்த நிலையத்துக்குப் போய் மின் பலகையை மாற்றிவிட்டு வந்தான். அந்தப் பகுதிக்காரன் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு புறவழிச்சாலை வந்தது. அங்கே பன்னிரண்டு மெஷின்களோடு புது நிலையம் திறக்கப்போவதாகவும், பழைய நிலையத்தை மாதக் கடைசியில் எடுத்துவிடப்போவதாகவும் மேலாளர் கூட்டத்தில் சொன்னார். புதியதற்கு வேறு குழு. எல்லோரும் கை தட்டினார்கள். அவனும் தட்டினான். இனி யாரும் நடுவழியில் நிற்க வேண்டியதில்லை, நல்ல செய்திதான். ஆனால் மனசு மட்டும் இன்னும் எத்தனை வியாழன் என்று எண்ணிப் பார்த்தது. இரண்டு.

அதில் முதல் வியாழன், பதினொன்றரை மணிக்கு உதவி மையத்திலிருந்து கூப்பிட்டார்கள். பழைய நிலையத்தில் சார்ஜ் முடிந்தும் ஒரு காரிலிருந்து கேபிள் கழன்று வரவில்லையாம், ஒரு அம்மா மாட்டிக்கொண்டு நிற்கிறாராம். எண்ணைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. வேறு ஆளை அனுப்பலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தான். சாவியை எடுத்துக்கொண்டு அவனே கிளம்பினான்.

அக்கா காருக்கு வெளியே, உணவகத்தின் நிழலில் நின்றிருந்தாள். முன்நெற்றி முடி நரைத்திருந்தது. கையைக் கட்டிக்கொண்டு அவன் வண்டியிலிருந்து இறங்குவதையே பார்த்தாள்.

"இளைச்சுப் போயிட்டே" என்றாள்.

அவன் டிக்கியைத் திறக்க வேண்டும் என்று மட்டும் சொன்னான். முதலில் மெஷினின் மின்சாரத்தை நிறுத்தினான். டிக்கியின் பக்கவாட்டு உறையை நெம்பி, கேபிள் பூட்டைக் கையால் விடுவிக்க உள்ளே இருந்த சின்னக் கயிற்றைத் தேடினான். உள்ளே ஒரு பள்ளிக்கூடப் பையும், சின்னக் கால் ஷூ ஒரு ஜோடியும் கிடந்தன. கடைசியாகப் பார்த்தபோது ஐந்து வயசாக இருந்த அக்கா மகளுக்கு இப்போது பதினொன்று. கயிற்றை இழுத்ததும் டக்கென்று பூட்டு விட்டது.

கேபிளைச் சுருட்டி மாட்டும்போது, திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டான். அவள் வருகிற வியாழன்கள் தனக்குத் தெரியும் என்றும், அதற்காகவே இந்த மெஷின்களைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டதாகவும். சொல்லும்போது, அவள் மனம் இளகிவிடும் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது.

அக்காவின் முகம் சிவந்தது.

"ரெண்டு வருஷமா என் வண்டியப் பாத்துக்கிட்டு இருந்திருக்கே. ஒரு போன் பண்ணத் தோணலையா?"

பயம் என்று சொல்லலாம். அது அவனுக்கே சின்னதாகப் பட்டது.

"அன்னிக்கு நான் வாயில வந்ததைச் சொல்லிட்டேன். நீ அதையே பிடிச்சிக்கிட்டுப் போயிட்டே. போனவன் திரும்பி வந்து சண்டையாவது போட்டிருக்கலாம்ல? அம்மாவும் இல்ல, நீயும் இல்ல. நான் யார்கிட்டப் பேசறது?"

"தப்புதான், அக்கா" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். மன்னித்ததாகவும் தெரியவில்லை, மறுத்ததாகவும் தெரியவில்லை. நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி ஏறிக்கொண்டாள். கார் வளைவு திரும்பும்வரை அவன் கையில் ஸ்பேனரோடு நின்றான்.

அவள் வர வேண்டிய அடுத்த வியாழனில் பட்டியலில் அவள் எண் வரவில்லை. புறவழிச்சாலையில் போயிருப்பாள். மாதக் கடைசியில் இரண்டு மெஷின்களையும் அவன்தான் கழற்றி லாரியில் ஏற்றினான். அன்று இரவெல்லாம் அவள் கேட்ட கேள்வியே காதில் ஓடியது. வண்டி நின்றால் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள ஆயிரம் வழி வைத்திருந்தவனுக்கு, அவள் சமையலறையில் இப்போது என்ன நிற ஜன்னல் திரை தொங்குகிறது என்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையை மாற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினான். போனில் சொல்லவில்லை, சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். மூன்றாவது மாடி வரை ஏறி அழைப்பு மணியை அழுத்தினான்.

கதவைத் திறந்தது ஒரு சிறுமி. அவன் தோள் உயரம், அம்மாவின் மூக்கு. யார் வேண்டும் என்று கேட்டாள்.

"நான் உன் மாமா" என்றான்.

அவள் அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தாள். பிறகு உள்பக்கம் திரும்பி, "அம்மா, யாரோ மாமான்னு சொல்றாங்க" என்றாள்.

உள்ளே ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது.

"வெளியவே நிக்க வைக்காதே, உள்ள வரச் சொல்லு" என்று அக்காவின் குரல் வந்தது. "இன்னும் ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டான்."